பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கப்பலில் கூட்டிப் போக என்னென்ன காகிதம் வேண்டும்?

ஆற்றங்கரை வீடு, குழித்துறை (பிப்ரவரி 9)

எல்லோருக்கும் வணக்கம். நான் குழித்துறையில் இருக்கிறேன், பள்ளி நூலகத்தில் வேலை. தம்பி சிங்கப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறான். என் மகள் இந்த வருடம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறாள். முடிந்ததும் மே மாதம் எங்களை அங்கே வரவழைத்து, சிங்கப்பூரில் ஏறி பினாங்கு போய்த் திரும்பும் ஒரு கப்பலில் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறான். நான்கு இரவு. அவன் குடும்பத்துக்கு ஒரு கேபின், எங்களுக்கு ஒரு கேபின். எங்கள் கேபினில் மூன்றாவது படுக்கை ஒன்று இருக்கிறது. மகள் அதைக் கேட்ட நாளிலிருந்து, "அவளையும் கூட்டிப் போவோம் அம்மா" என்று பிடித்த பிடியில் நிற்கிறாள்.

அவள் என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளை. 15 வயது முடிந்துவிட்டது. பத்து வயது வரை ஷார்ஜாவில் வளர்ந்தவள். அப்பா இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். அம்மா இங்கே தையல் கடை வைத்திருக்கிறார். ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்த அன்று தமிழ் எழுத்தே சரியாகத் தெரியாது. என் மகளோடு சேர்ந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்து எழுதிப் படித்தாள். இன்று வகுப்பில் தமிழில் முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். அதனால் எனக்கும் ஆசைதான். அவள் அம்மாவிடம் கேட்டேன், உடனே சரி என்றார். அப்பாவும் போனில் சரி என்றார். இரண்டு பேர் வாயால் சரி என்றுவிட்டார்கள். ஆனால் வாயால் சொன்னது விமான நிலையத்தில் செல்லுமா என்பதுதான் என் பயம்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன்னால் அக்கா மகனைக் கொழும்புக்குக் கூட்டிப் போனேன். சொந்த அக்கா மகன், 12 வயது. பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் ஓர் இடத்தில் நிறுத்தி, "இவனுடைய அப்பா அம்மா எங்கே, அவர்கள் சம்மதம் எங்கே" என்று கேட்டார்கள். காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அக்காவுக்குப் போன் கிடைக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் அந்தப் பையன் என் கையைப் பிடித்தபடி நின்றான். கடைசியில் விட்டுவிட்டார்கள். கேட்டவர் மேல் எனக்குக் குறை இல்லை, அவர் கேட்டது நியாயம். அந்தப் பையனின் முகம்தான் இன்னும் மறக்கவில்லை. இன்னொருத்தர் பிள்ளையை அப்படி நிறுத்த எனக்கு மனம் வராது.

இப்போது எங்களிடம் இருப்பவை: பிள்ளையின் பாஸ்போர்ட், துபாய்த் தூதரகத்தில் எடுத்தது, இந்த ஆகஸ்ட் 19 வரை செல்லும். பிறப்புச் சான்றிதழ் கேரளத்தில் வாங்கியது. அம்மாவுக்குப் பாறசாலை தாய்வீடு, பிரசவம் அங்கேதான். அதில் மலையாளமும் ஆங்கிலமும் இருக்கிறது, அப்பா பேரோடு வீட்டுப் பேரும் சேர்ந்து நிற்கிறது. இங்கே பள்ளியில் வெறும் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பேர் குடும்பப் பேராக வந்திருக்கிறது. ஒரே பிள்ளைக்கு மூன்று விதமாகப் பேர்.

ஒரு ஏஜென்ட், கோர்ட்டில் கார்டியன் சான்றிதழ் வாங்காமல் முடியாது என்கிறார். இன்னொருவர், அதெல்லாம் ஒன்றும் வேண்டாம், டிக்கெட் போடுங்கள் என்கிறார். தம்பி இந்த மாதத்துக்குள் கப்பலுக்கு முன்பணம் கட்ட வேண்டுமாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எல்லைச் சாவடி, களியக்காவிளை (பிப்ரவரி 9)

அக்கா, 19 வருடமாக டிக்கெட், விசா வேலைதான் பார்க்கிறேன். நீங்கள் கேட்டதை விட்டுவிட்டு, கேட்காமல் விட்ட ஒன்றை முதலில் சொல்கிறேன். ஆகஸ்ட் 19 வரை செல்லும் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு மே மாதம் சிங்கப்பூர் போக முடியாது. உள்ளே நுழையும்போது குறைந்தது 6 மாதம் செல்லுபடி மிச்சம் இருக்க வேண்டும். உங்களுக்கு மூன்று மாதம்தான் மிச்சம். சம்மதக் கடிதம் எவ்வளவு அழகாக எழுதினாலும் இது ஒன்றே போதும், திருவனந்தபுரத்தில் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். ஆக முதல் வேலை பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பது. இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

அதற்குக் கேரளத்தில், பக்கத்திலேயே உள்ள நெய்யாற்றின்கரை பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்கே போகலாம். தமிழ்நாட்டு முகவரி என்பதால் திருநெல்வேலிதான் போக வேண்டும் என்பது பழைய கதை. 2018-லிருந்து எந்த ஊர் அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம், போலீஸ் விசாரணை வந்தால் மட்டும் நீங்கள் கொடுத்த முகவரிக்கு வரும். 15 முடிந்த பிள்ளை என்பதால் இரண்டு வழி இருக்கிறது. 18 வயது வரை செல்லும் பாஸ்போர்ட் 1,000 ரூபாய். முழு 10 வருடம் செல்வது 1,500 ரூபாய். 500 ரூபாய் பார்க்காமல் 10 வருடமே எடுக்கச் சொல்லுங்கள், கல்லூரி முடியும்வரை கவலை இல்லை. அம்மா கூடப் போக வேண்டும். 'அனெக்சர் டி' என்ற உறுதிமொழியில் அப்பா அம்மா இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா வெளிநாட்டில் இருப்பதால், அவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற ஒரு பிரமாணப் பத்திரம் அனுப்ப வேண்டும். ஷார்ஜாக்காரர்களுக்குத் துபாயில் உள்ள துணைத் தூதரகம்தான். ஒரு நாள் லீவு எடுக்கத்தான் வேண்டும்.

இங்கேதான் ஒரு காரியம் செய்யலாம். அவர் எப்படியும் துபாய் போகிறார். அதே போக்கில் பயணச் சம்மதத்துக்கும் ஒரு பிரமாணப் பத்திரம் சான்று வாங்கிவிடட்டும். இரண்டு தடவை அலைய வேண்டாம். ஒரு சிக்கல், பிள்ளையின் புது பாஸ்போர்ட் எண் அப்போது தெரியாது. பரவாயில்லை. அப்பாவின் கடிதத்தில் பேர், பிறந்த தேதி, பிறப்புச் சான்றிதழின் பதிவு எண் போட்டால் போதும். புது எண்ணை அம்மாவின் கடிதத்தில் போட்டுக்கொள்ளலாம், அதைக் கடைசியில்தானே எழுதப் போகிறோம்.

இனி கோர்ட் விஷயம். வேண்டாம் அக்கா. கார்டியன் நியமனம் என்பது 1890-ஆம் வருடச் சட்டத்தில் மாவட்ட நீதிமன்றம் செய்கிற வேலை. பெற்றோர் இல்லாத பிள்ளைக்கு, அல்லது வழக்கு நடக்கும் பிள்ளைக்கு அது தேவைப்படும். இங்கே அப்பாவும் அம்மாவும் உயிரோடு, ஒற்றுமையாக, சம்மதத்தோடு இருக்கிறார்கள். நான்கு இரவுப் பயணத்துக்கு நீங்கள் அந்தப் பிள்ளைக்குக் கார்டியன் ஆக வேண்டாம், அவர்களுடைய அனுமதியோடு கூடப் போகும் பெரியவர் என்றால் போதும். அந்த அனுமதியை எழுதி நோட்டரி வக்கீல் முன் கையெழுத்துப் போட்டால் அதுதான் சம்மதக் கடிதம்.

எந்தக் கப்பல் என்று நீங்கள் சொல்லவில்லை. ஒவ்வொரு கம்பெனியும் ஒரு விதி வைத்திருக்கும், தம்பியிடம் அதை வரி விடாமல் படிக்கச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு ராயல் கரீபியன் கேட்பது இது: பிள்ளையின் பாஸ்போர்ட், தேவையானால் விசா, பெற்றோரில் ஒருவராவது கையெழுத்துப் போட்ட நோட்டரி கடிதத்தின் அசல். அந்தக் கடிதத்தில் இந்தக் குறிப்பிட்ட கப்பல் பயணத்துக்குக் கூட்டிப் போகலாம், மேற்பார்வை செய்யலாம், மருத்துவச் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளலாம் என்ற மூன்றும் இருக்க வேண்டும். "என் மகள் சிங்கப்பூர் சுற்றுலா போக ஆட்சேபம் இல்லை" என்று ஒரு வரி எழுதிக் கொண்டுவருகிறார்களே, அதில் இந்த மூன்றுமே இருக்காது.

ஒரு பெற்றோர் போதும் என்று கப்பல் சொன்னாலும் நீங்கள் இரண்டு பேரிடமும் வாங்குங்கள். கப்பல் கம்பெனி ஒரு பக்கம், குடியேற்ற அதிகாரி மறுபக்கம். இருவரும் வேறு வேறு ஆட்கள்.

கடிதத்தை ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். கப்பலின் பேர், புறப்படும் நாள், திரும்பும் நாள், நிற்கும் துறைமுகம், விமான எண், உங்கள் பேர், உங்கள் பாஸ்போர்ட் எண், பெற்றோரின் போன் எண், முகவரி, பிள்ளையின் போட்டோ. அம்மா வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துவரக் கூடாது, குழித்துறைக் கோர்ட் வாசலில் நோட்டரியின் கண் முன்னால் போட வேண்டும். இரண்டு அசல் எடுங்கள். கப்பலில் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் திரும்பி வரும்போது கையில் ஒன்று வேண்டும். அப்பாவுடையதும் இரண்டு.

பேர் விஷயம் நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். அம்மா வீடு அந்தப் பக்கம், பள்ளிக்கூடம் இந்தப் பக்கம் என்றால் பிறப்புச் சான்றிதழ் ஒரு பேர் சொல்லும், டி.சி. ஒரு பேர் சொல்லும். பயணத்துக்குப் பாஸ்போர்ட்டில் இருப்பதே பேர். டிக்கெட், கப்பல் பதிவு, விசா, கடிதம் நான்கிலும் அதே எழுத்து, அதே வரிசை. பிறப்புச் சான்றிதழ் கேட்பது எதற்கு? கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்தான் அப்பா அம்மா என்று காட்ட. ஆகவே சான்றிதழில் உள்ள அப்பா பேரும் அவர் பாஸ்போர்ட்டில் உள்ள பேரும் ஒத்துப்போகிறதா பாருங்கள். வீட்டுப் பேர் ஒன்றில் இருந்து ஒன்றில் இல்லை என்றால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம். பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட் அல்லது ஆதார் நகலையும் சேர்த்துப் பின் அடியுங்கள்.

சிங்கப்பூருக்கு நமக்கு விசா வேண்டும். கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய் மறுபடி அங்கேயே வருகிறது, அது இரண்டாவது நுழைவு. விசா வந்ததும் பலமுறை நுழையலாம் என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மலேசியாவுக்கு 2026 டிசம்பர் 31 வரை இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லை. சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் அரசுத் தளத்தில் நிரப்ப வேண்டும், அதற்குக் காசு கிடையாது. காசு கேட்கும் தளம் என்றால் அது அரசுடையது இல்லை, வெளியே வந்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, சின்னதாகத் தோன்றும். அந்தப் பிள்ளை உங்களை எப்படிக் கூப்பிடுகிறாள்? அத்தை என்றோ பெரியம்மா என்றோதான் கூப்பிடுவாள். அதிகாரி கேட்கும்போதும் அதையே சொல்லுவாள். கடிதத்தில் "பக்கத்து வீட்டார், தோழியின் அம்மா" என்று இருக்கும். இரண்டும் வேறு வேறாகத் தெரிந்தால் அவர்கள் தனியாகக் கூப்பிட்டுப் பிள்ளையிடம் விசாரிப்பார்கள். பிள்ளைக் கடத்தலைத் தடுக்கத்தான் இந்தக் கேள்வியெல்லாம், அதனால் விசாரிப்பதைத் தவறென்று சொல்ல முடியாது. உண்மையை அப்படியே சொல்லச் சொல்லிக் கொடுங்கள்.

தெற்குத் தெரு, செங்கோட்டை (பிப்ரவரி 10)

நாங்கள் போன வருடம் மாமா பையனைக் கூட்டிக்கொண்டு இதே மாதிரி கப்பலில் போனோம். யாரும் ஒரு காகிதமும் கேட்கவில்லை. இவ்வளவு அலைச்சல் தேவையா என்று தோன்றுகிறது.

எல்லைச் சாவடி, களியக்காவிளை (பிப்ரவரி 10)

கேட்காமல் போன பயணம் நிறைய உண்டு சார், நானே அனுப்பியிருக்கிறேன். கேட்ட இடத்தில் இல்லாமல் திரும்பி வந்த குடும்பமும் உண்டு. துறைமுகத்தில் ஏற்றவில்லை என்றால் பிள்ளை மட்டும் நிற்க முடியாது, கூட ஒரு பெரியவரும் நிற்க வேண்டும். கட்டின பணமும் வராது.

ஆற்றங்கரை வீடு, குழித்துறை (பிப்ரவரி 10)

தம்பி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அந்த ஆகஸ்ட் தேதியைப் பத்து தடவை பார்த்திருப்பேன். மே மாதத்துக்கு அப்புறம்தானே வருகிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். நேற்று இரவே அவள் அப்பாவிடம் பேசினோம். அடுத்த வாரம் துபாய் போகிறார். அவர் ஒன்று கேட்டார், அதை இங்கே கேட்கிறேன்: மருத்துவச் சிகிச்சைக்கு அனுமதி என்றால் எதற்கெல்லாம்? அவர் தயங்குகிறார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆபரேஷன் வரைக்கும் நான் கையெழுத்துப் போடலாம் என்று எழுதிக் கொடுப்பதற்கு எந்த அப்பாவும் ஒரு நிமிடம் யோசிப்பார் இல்லையா? எனக்கும் அந்தப் பொறுப்பு நெஞ்சில் கனக்கிறது.

வெள்ளைத் தொப்பி, தக்கலை (பிப்ரவரி 11)

அக்கா, நான் நர்ஸ். கப்பல்களில் ஆறு வருடம் வேலை பார்த்தேன், இப்போது ஊரில் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கப்பலில் ஒரு மருத்துவ அறை இருக்கும். டாக்டர் இருப்பார், நர்ஸ்கள் இருப்போம். சிறிய ஐ.சி.யூ. அளவுக்கு வசதி உண்டு, பெரிய ஆபரேஷன் அங்கே செய்ய மாட்டோம். ஒரு பிள்ளைக்கு மூச்சு நிற்கிறது, ரத்தம் கொட்டுகிறது என்றால் யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்க மாட்டோம், அந்தப் பயம் வேண்டாம். சிக்கல் வருவது அதற்குக் கீழே உள்ள விஷயங்களில்தான். நெற்றியில் தையல் போட வேண்டும், மயக்க ஊசி போட வேண்டும், வாந்தி நிற்காமல் டிரிப் ஏற்ற வேண்டும், அடுத்த துறைமுகத்தில் இறக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். இதற்கெல்லாம் யார் சரி என்று சொல்வது என்று டாக்டர் கேட்பார்.

ஒரு தடவை 14 வயதுப் பையன் வலது பக்க வயிற்று வலியோடு வந்தான். கூட வந்தவர் குடும்ப நண்பர். நல்ல மனிதர், பையன் பக்கத்தை விட்டு அசையவே இல்லை. ஆனால் அவரிடம் கடிதம் இல்லை. குடல்வால் என்று சந்தேகம், கரைக்கு அனுப்ப வேண்டும். அவன் பெற்றோரைச் செயற்கைக்கோள் போனில் பிடிக்க முயன்றோம். அவர்கள் ஊரில் அப்போது நடுஇரவு. விடியும்வரை அந்தப் பையனுக்கு வலி மருந்தும் குளுக்கோசும் கொடுத்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிழைத்துக்கொண்டான், அது கடவுள் புண்ணியம். ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தில் அந்த நண்பர் பட்ட பாட்டை இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவள் அப்பாவின் தயக்கத்துக்கு வழி இருக்கிறது. கடிதத்தில் இப்படி எழுதலாம்: எங்களை உடனே தொடர்புகொள்ள முயல வேண்டும், முடியாத நிலையில் டாக்டர் அவசியம் என்று சொல்லும் சிகிச்சைக்கு இவர் எங்கள் சார்பில் ஒப்புக்கொள்ளலாம். அப்பா கேட்டதும் அதில் இருக்கிறது, டாக்டர் கேட்பதும் இருக்கிறது. கீழே அப்பா அம்மா தவிர மூன்றாவதாக ஒரு போன் எண் கொடுங்கள், தாத்தாவோ மாமாவோ.

தனியாக ஒரு தாளில் ரத்த வகை, ஒவ்வாத மருந்து, இதற்கு முன் வந்த நோய், இப்போது சாப்பிடும் மாத்திரை, அளவு, எல்லாம் பெரிய எழுத்தில். பிள்ளைக்கு வீசிங் இருக்கிறதா என்று அவள் அம்மாவிடம் மறக்காமல் கேளுங்கள். தோழியின் அம்மாவிடம் பெண் பிள்ளைகள் சில விஷயங்களைச் சொல்ல வெட்கப்படுவார்கள். மாதவிலக்கு வரும் நாள், அப்போது சாப்பிடும் மாத்திரை, இதையெல்லாம் முன்னாலேயே பேசி வையுங்கள்.

கப்பல் மருத்துவமனையின் பில் டாலரில் வரும், நேராக உங்கள் கேபின் கணக்கில் ஏறும். இங்கே எடுத்திருக்கும் உடல்நலக் காப்பீட்டை அங்கே காட்டிப் பயனில்லை. பயணக் காப்பீடு எடுங்கள், பிள்ளையின் பேரிலும் எடுங்கள். கப்பல் பயணத்தையும், நடுக்கடலிலிருந்து தூக்கிப் போகும் செலவையும் அது ஏற்கிறதா என்று கேட்டு எடுங்கள்.

கையெழுத்து இன்னொரு இடத்திலும் வரும். பெரிய கப்பல்களில் ஏறுசுவர், அலைச் சறுக்கு மாதிரி விளையாட்டுகள் உண்டு. அடிபட்டால் கம்பெனி பொறுப்பில்லை என்று பெரியவர் கையெழுத்துப் போட்டால்தான் 18 ஆகாத பிள்ளையை விடுவார்கள். அவள் அம்மாவிடம் எதற்கு விடலாம், எதற்கு வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆரல்வாய்மொழிக்காரி, டாம்பா (பிப்ரவரி 12)

அமெரிக்காவிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்காக என் அனுபவம். இங்கே புளோரிடாவில் ஏறி பஹாமாஸ் போய் அதே துறைமுகத்துக்குத் திரும்பும் கப்பல் என்றால், அமெரிக்கக் குடியுரிமை உள்ள 16 வயதுக்குக் கீழான பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழே போதும், பாஸ்போர்ட் கட்டாயமில்லை. 16 ஆனால் அரசு கொடுத்த போட்டோ அடையாள அட்டையும் வேண்டும். பெற்றோர் கூட வராத பிள்ளைக்கு நோட்டரி கடிதம் எடுத்துப் போகும்படி இங்குள்ள எல்லைத் துறையும் சொல்கிறது.

மகனின் கூட்டாளியைக் கூட்டிப் போக நினைத்தோம். எங்கள் பையன் இங்கே பிறந்தவன், கூட்டாளி ஹைதராபாத்தில் பிறந்து எச்-4 விசாவில், அதாவது வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தரும் விசாவில், இருப்பவன். எதுவரை இங்கே தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவு செல்லும், ஆனால் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா முடிந்திருந்தது. கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் 30 நாளுக்குள் போய் வந்தால் முடிந்த விசாவோடு திரும்பலாம் என்று ஒரு சலுகை உண்டு. பக்கத்துத் தீவுகளுக்கு அந்தச் சலுகை மாணவர் விசா, பரிமாற்ற விசாக்காரர்களுக்கு மட்டும்தான், எச்-4 பிள்ளைக்கு இல்லை. போயிருந்தால் திரும்ப நுழைய முடியாமல் போயிருக்கும். அவன் வராமல் வீட்டிலேயே நின்றான். இரண்டு பையன்களும் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள், ஆனால் கையில் இருப்பது வேறு வேறு காகிதம். கூட்டிப் போகிற பெரியவர்கள் தங்கள் பிள்ளையின் விதியை வைத்து அடுத்த பிள்ளைக்குக் கணக்குப் போடக் கூடாது.

ஆற்றங்கரை வீடு, குழித்துறை (ஏப்ரல் 20)

எல்லோருக்கும் எழுத வேண்டும் என்று இருந்தேன், பரீட்சைக் காலம், நேரமே இல்லை. பாஸ்போர்ட் வந்துவிட்டது, 10 வருடம். நெய்யாற்றின்கரைக்கு அம்மாவும் மகளும் காலை பஸ்ஸில் போய் மதியம் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அப்பா துபாயில் சான்று வாங்கிய பத்திரங்களை ஊருக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார். மருத்துவ வரியை நர்ஸ் அம்மா சொன்னபடியே எழுதினோம். அதைப் போனில் படித்துக் காட்டியபோது, "எங்களைக் கூப்பிட முயல வேண்டும்" என்ற இடத்தில் அவர், இது போதும் என்றார்.

சான்றிதழில் இருந்த வீட்டுப் பேர் அப்பாவின் பாஸ்போர்ட்டில் இல்லை. எல்லைச் சாவடித் தம்பி சொன்ன அந்த ஒரு வரியைச் சேர்த்தோம். அம்மா நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடும்போது பேனாவை வைத்துவிட்டு முழுக் கடிதத்தையும் இன்னொரு தடவை படித்தார். நான் அவசரப்படுத்தவில்லை. சிங்கப்பூர் விசா மூன்று பேருக்கும் வந்தது, பலமுறை நுழையலாம் என்று இருக்கிறது. வீசிங் பற்றிக் கேட்கச் சொன்னீர்களே, சின்ன வயதில் இருந்ததாம், ஷார்ஜாவில் மணல் காற்றடித்தால் இன்ஹேலர் வைத்திருப்பாளாம். ஐந்து வருடப் பழக்கத்தில் எனக்கு இது தெரியாது. டாக்டரிடம் காட்டி இன்ஹேலரும் மருந்துச் சீட்டும் வாங்கி வைத்திருக்கிறோம்.

ஆற்றங்கரை வீடு, குழித்துறை (மே 24)

போய் வந்துவிட்டோம். பின்னால் தேடி வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்தில் குடியேற்ற அதிகாரி இரண்டு பிள்ளைகளையும் பார்த்து, இருவரும் உங்கள் மகள்களா என்று மலையாளத்தில் கேட்டார். இல்லை, ஒருத்தி பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக் கடிதத்தைக் கொடுத்தேன். அம்மாவுடையதைப் படித்தார், துபாய் முத்திரையைப் பார்த்தார், முத்திரை குத்தி அனுப்பினார். சிங்கப்பூரில் நுழையும்போது கேட்கவில்லை. கப்பலில் ஏறும் இடத்தில் கேட்டார்கள். ஒரு அசலை வாங்கி வைத்துக்கொண்டார்கள், பிறப்புச் சான்றிதழையும் பார்த்தார்கள். இரண்டு அசல் எடுக்கச் சொன்னது அங்கே உதவியது. திரும்பி வரும்போது இரண்டாவதைக் கையிலேயே வைத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை.

ஏறும் இடத்தில் இருந்த பெண் அவளிடம் என்னைக் காட்டி, இவர் யார் என்று கேட்டாள். எனக்கு நெஞ்சு படபடத்தது. பிள்ளை நிதானமாக, "என் தோழியின் அம்மா, எங்கள் பக்கத்து வீடு" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போய் இரண்டு அடி வைக்கவில்லை, "பெரியம்மா, சரியாகச் சொன்னேனா?" என்று கேட்டாள்.

இரண்டாம் இரவு கடல் கொஞ்சம் ஆடியது. என் மகளுக்குத்தான் வாந்தி, அவளுக்கு ஒன்றும் இல்லை. இன்ஹேலரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஏறுசுவருக்கு அவள் அம்மா முன்பே சரி சொல்லியிருந்தார், கையெழுத்துப் போட்டேன், பாதிவரை ஏறிவிட்டு இறங்கிவிட்டாள். பினாங்கில் இறங்கி அப்பாவுக்கு வீடியோவில் பேசினாள். கடிதத்தின் நகல், மருந்துத் தாள், காப்பீட்டுத் தாள் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு அவள் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த மாதிரித் தாள் யாருக்காவது வேண்டுமானால் கேளுங்கள், பேர்களை எடுத்துவிட்டு இங்கே டைப் செய்து போடுகிறேன்.